பச்சை விளக்கை நம்பலாமா?

நம் சங்கத்து இல்லங்களில் கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்கும் பிள்ளை ஒருவரேனும் இல்லாத வீடு இன்று அரிதாகிவிட்டது. கல்லூரியில் பயிலும் மகள், கம்பெனியில் பணிபுரியும் தம்பி, பள்ளியில் அதனைப் பாடமாக எடுத்திருக்கும் பேரன் என்று எவராவது ஒருவர் இரவு நெடுநேரம் திரையின்முன் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். அவர்கள் செய்வது யாதென்று கேட்டால், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. உண்மையில் அதில் புரியாதது அதிகமில்லை. வரவு செலவு எழுதியவரும், விண்ணப்பத்தைச் சரிபார்த்து வாங்கியவரும் அதன் சாரத்தை அறிந்துகொள்ளலாம். சென்ற ஆண்டு நம் கல்வி உதவி நிதியின் பட்டியலில் நேர்ந்த ஒரு பிழை என்னை அதனை அறிந்துகொள்ளச் செய்தது. அப்பிழை எவ்வாறு நுழைந்தது, எவ்வாறு நீக்கப்பட்டது என்பதை அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விட்டுப்போன மூன்று பெயர்கள்

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குப் புத்தகச் செலவிற்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் நம் சங்கம் ஒரு சிறு தொகை வழங்கி வருவது அனைவரும் அறிந்ததே. பல்லாண்டுகளாக அதன் விவரம் கனத்த அட்டை போட்ட பதிவேடு ஒன்றில் கையால் எழுதப்பட்டு வந்தது. அப்பணியை எளிதாக்க எண்ணி, தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரும், பொறியியல் பயிலும் மாணவி ஒருவரும் ஊதியம் எதுவும் பெறாமல் ஒரு நிரல் எழுதித் தந்தனர். பதிவேட்டில் உள்ளவை யாவும் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டன. பொத்தானை அழுத்தியதும் பட்டியல் அச்சாகி வந்தது. அனைவரும் பாராட்டினோம்.

பட்டியலை மண்டபத்தின் சுவரில் ஒட்டிய அன்று மாலை, கடைத்தெருவில் இட்டிலிக் கடை நடத்தும் அம்மையார் ஒருவர் அதன்முன் நெடுநேரம் நின்றிருந்தார். பின்னர் என்னிடம் வந்து மெல்லிய குரலில் கேட்டார்: "தம்பி, என் பெண் பெயர் இதில் இல்லையே? போன வருஷம் இருந்ததே. தகப்பன் இல்லாத பிள்ளை என்று எடுத்துவிட்டார்களா?"

அவ்வாறு ஒருநாளும் செய்ய மாட்டோம் என்று உறுதி கூறி அவரை அனுப்பினேன். இரவு பழைய பதிவேட்டையும் புதிய பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பதிவேட்டில் 46 பெயர்கள், பட்டியலில் 43. விடுபட்ட மூன்று பிள்ளைகளின் விவரத்திலும் ஒரே ஓர் ஒற்றுமை இருந்தது. தகப்பனார் பெயர் எழுத வேண்டிய இடம் மூன்றிலும் வெறுமையாக இருந்தது. அவ்வம்மையார் மனவேதனையில் கேட்ட கேள்வி எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டது. தகப்பன் இல்லாத பிள்ளை என்பதற்காகவே அந்நிரல் அப்பெயர்களை எடுத்துவிட்டிருந்தது. அவ்வாறு செய்ய வேண்டுமென்று மனிதர் எவரும் நினைக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

கம்பைலர் என்பது யாது?

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, முதலில் இரண்டு கருவிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனிதன் எழுதும் நிரல், ஆங்கிலச் சொற்களும் கணக்குக் குறிகளும் கலந்த ஒரு மொழியில் அமைவது. இயந்திரம் அறிந்ததோ தனக்குரிய எண் கட்டளைகளை மட்டுமே. முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவதற்கு ஏற்பட்டதே கம்பைலர். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான கிரேஸ் ஹாப்பர் என்னும் அமெரிக்க அம்மையார் 1952ஆம் ஆண்டில் இவ்வகைக் கருவி ஒன்றை இயக்கிக் காட்டினார். ஜான் பாக்கஸ் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1957இல் ஃபோர்ட்ரான் மொழியின் கம்பைலரை வெளியிட்டபின் இது உலகெங்கும் வழக்கத்திற்கு வந்தது.

கம்பைலர் மொழிபெயர்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. எழுதியதைப் படித்துப் பார்த்துக் குற்றமும் கண்டுபிடிக்கும். ஜன்னலில் அமர்ந்திருக்கும் குமாஸ்தா, விண்ணப்பத்தை வாங்கும்பொழுதே "இங்கே கையெழுத்து இல்லை, இந்தத் தேதி பொருந்தவில்லை" என்று திருப்பிக் கொடுப்பதைப் போன்றது அது. அப்பொழுது திருப்பிக் கொடுத்தால் ஐந்து நிமிடக் கஷ்டம்; வாங்கி உள்ளே அனுப்பிவிட்டால் ஆறு மாதக் கஷ்டம்.

நம் இளைஞர்கள் தேர்ந்துகொண்ட மொழி டைப்ஸ்கிரிப்ட். இணையப் பக்கங்களில் வழங்கும் ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் தோன்றிய மொழி. எதை எதனோடு சேர்த்தாலும் பெரும்பாலும் கேள்வி கேளாது. அதன்மேல் வகை பார்க்கும் ஒழுங்கைச் சேர்த்து, ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் முதலியோர் உருவாக்கிய டைப்ஸ்கிரிப்டை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012இல் வெளியிட்டது. இது எண், இது எழுத்துத் தொடர், இது இருக்கலாம் அல்லது இல்லாமலும் போகலாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்புக்கு மாறாக எழுதிய இடங்களை அதன் கம்பைலர் சுட்டிக் காட்டும்.

எவ்வளவு கண்டிப்பாகச் சுட்டிக் காட்ட வேண்டும் என்பதை நிர்ணயிப்பது ஒரு சிறு கோப்பு. டிஎஸ்கான்ஃபிக் என்பது அதன் பெயர். இருபது முப்பது வரிகளே இருக்கும். நிரலின் வேலை எதுவும் அதில் இராது. வேலையைக் கண்காணிக்கும் விதிகளே இருக்கும். நம் சங்கத்தின் சட்டதிட்டங்கள் அச்சிட்ட சிறு புத்தகத்தைப் போன்றது அது. அதனைப் படிப்பவர் சிலரே. ஆனால் காரியங்கள் யாவும் அதன்படியே நடைபெறுகின்றன.

ஒரு கேள்விக்குறியின் கதை

அம்மாணவி, உறுப்பினர் விவரம் எத்தகையது என்று அறிவிக்கும் இடத்தில், தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். "இது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்பது அம்மொழியில் அதன் பொருள். அவர் அதனை மறக்கவில்லை. ஆனால் நிரலின் வேறோரிடத்தில், பெயரின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்கும் கட்டளை, பெயர் எப்பொழுதும் இருக்கும் என்று கருதி எழுதப்பட்டிருந்தது. இல்லாத பெயரின் வெற்றிடத்தை எவ்வாறு நீக்குவது? கேள்விக்குறியைக் கண்ட கம்பைலர் அவ்விடத்தில் தடை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருந்ததே அதற்குக் காரணம்.

டைப்ஸ்கிரிப்டில் "ஸ்ட்ரிக்ட்", அதாவது கண்டிப்பு, என்றொரு விதி உண்டு. அதனை ஏற்றால் பல கண்டிப்புகள் ஒருங்கே நடைமுறைக்கு வரும். அவற்றுள் முக்கியமானவை இரண்டு. வகை சொல்லாமல் விட்ட இடத்தைக் கம்பைலர் எது வேண்டுமானாலும் என்று தானாக எடுத்துக்கொள்ள நேர்ந்தால் அதனைக் குற்றமாகக் கொள்வது ஒன்று. இல்லாமல் போகக்கூடியதை இருப்பதாகக் கருதி எழுதினால் தடுப்பது மற்றொன்று. இப்பின்னது 2016இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. இவற்றை ஒரே சொல்லில் அடக்கிய "ஸ்ட்ரிக்ட்" விதி 2017இல் வந்தது. நம் இளைஞர் எங்கோ தாம் முன்பு எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் பகுதிகளைக் கொணர்ந்து சேர்த்தபொழுது, திரையெங்கும் சிவப்புக் கோடுகள் தோன்றின. ஜூன் மாதமோ நெருங்கிக்கொண்டிருந்தது. பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி, அவ்விதிக்கு எதிரே "வேண்டாம்" என்று பொருள்படும் சொல்லை எழுதினார். கோடுகள் அனைத்தும் ஒரு நொடியில் மறைந்தன. கேள்விக்குறி இருந்த இடத்திலேயே இருந்தது. அதனைப் பொருட்படுத்துவார்தாம் இல்லை.

இல்லாத ஒன்றைக் குறிக்கும் இச்சூனியக் குறி கம்ப்யூட்டர் உலகிற்குப் பழைய தலைவலி. இதனை 1965இல் ஆல்கால் டபிள்யூ என்னும் மொழிக்காக வகுத்தவர் டோனி ஹோர் என்னும் ஆங்கில அறிஞர். அவர் 1934இல் நமக்கு அண்மையிலுள்ள கொழும்பில் பிறந்தவர். அமைப்பதற்கு மிக எளிதாக இருந்ததால் சேர்த்துவிட்டதாகவும், அது நூறு கோடி டாலர் பெறுமான பிழையாகிவிட்டதாகவும் அவரே 2009இல் ஒரு சொற்பொழிவில் ஒப்புக்கொண்டார். எளிது என்பதற்காகச் செய்த காரியம் பிற்காலத்தில் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு அப்பெருமகனாரின் வாக்குமூலத்தைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

நிரல் ஓடும்பொழுது அந்த மூன்று பெயர்களிடத்தும் முறிந்து நின்றிருந்தால் நாம் அன்றே கண்டுகொண்டிருப்போம். ஆனால், ஏதேனும் ஒரு விவரத்தில் பிழை நேர்ந்தால் அதனை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்க என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஒரு பிழையால் முழுப் பட்டியலும் நின்றுவிடக் கூடாது என்னும் நல்லெண்ணமே காரணம். அந்நல்லெண்ணத்தின் வழியே மூன்று குழந்தைகள் ஓசையின்றி வெளியேறினர்.

சோதனை எங்கே போயிற்று?

இரண்டாவது கருவி டெஸ்ட் ரன்னர். நிரலைச் சோதிக்கும் சிறு நிரல்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக ஓட்டி, தேறியவை இவை, தவறியவை இவை என்று அறிக்கை தருவது அதன் தொழில். கென்ட் பெக் என்பவர் முன்பு ஸ்மால்டாக் மொழிக்கு இவ்வகைக் கருவி ஒன்றைச் செய்திருந்தார். பின்னர் 1997இல் எரிக் காமா என்பவருடன் சேர்ந்து, ஜூரிச்சிலிருந்து அட்லான்டாவுக்கு விமானத்தில் சென்றபொழுது, ஜாவா மொழிக்கு ஜேயூனிட் என்பதனை எழுதத் தொடங்கினார். எல்லாம் தேறினால் பச்சைப் பட்டை, ஒன்று தவறினாலும் சிவப்புப் பட்டை என்னும் வழக்கம் அதன் மூலம் பரவியது. நம் இளைஞர்கள் பயன்படுத்திய ஜெஸ்ட் என்னும் கருவி ஃபேஸ்புக் நிறுவனத்தாரால் ஆக்கப்பட்டு 2014இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது.

"தகப்பனார் பெயர் இல்லாவிடில் என்ன ஆகும் என்று ஒருவரும் சோதிக்கவில்லையா?" என்று நான் கேட்டபொழுது, மாணவியின் முகம் வாடிவிட்டது. "நான் எழுதியிருந்தேன், அண்ணா. முதல் சோதனையே அதுதான்" என்றார். தேடிப் பார்த்தோம். அச்சோதனை பத்திரமாக இருந்தது. ஆனால் ஏப்ரல் மாதத்திலிருந்து அது ஒருமுறைகூட ஓடவில்லை.

நடந்தது இது. சோதனைகள் இன்ன பெயருள்ள ஃபோல்டரில் உள்ளன என்று டெஸ்ட் ரன்னரின் அமைப்பில் எழுதப்பட்டிருந்தது. இளைஞர் கோப்புகளை ஒழுங்குபடுத்தும்பொழுது அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றினார்; அமைப்பில் மாற்ற மறந்தார். தேடிச் சென்ற கருவிக்கு ஒரு சோதனையும் அகப்படவில்லை. ஜெஸ்ட் இயல்பாகவே இத்தகைய நிலையில் தோல்வி என்றே அறிவிக்கும், அன்றும் அறிவித்தது. நள்ளிரவில் அதனைக் கண்ட அவர், இணையத்தில் எவரோ சொல்லியிருந்தபடி, ஜெஸ்ட்டை ஏவும் கட்டளையில் "பாஸ் வித் நோ டெஸ்ட்ஸ்" என்னும் சொல்லைச் சேர்த்தார். சோதனை ஒன்றும் இல்லாவிடினும் தேர்ச்சி என்று கொள்க என்பது அதன் பொருள். உடனே பச்சை எரிந்தது. அன்று முதல் நிரலில் எந்த மாறுதல் செய்தாலும் பச்சையே எரிந்துகொண்டிருந்தது. எரியாமல் என் செய்யும்? சோதிக்கப்படாதவன் தோற்பதில்லை.

கைகாட்டி கற்பிக்கும் பாடம்

ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் எனக்கு இவ்விடத்தில்தான் உள்ளம் திடுக்கிட்டது. நிலையத்தின் எல்லையில் நிற்கும் பழைய கைகாட்டியை அன்பர்கள் பார்த்திருக்கக்கூடும். கை கிடையாக நின்றால் வண்டி நிற்க வேண்டும். தொலைவிலுள்ள நெம்புகோலிலிருந்து ஒரு கம்பி அதனை இழுத்தால்தான் வழி கிடைக்கும். அக்கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? எதிர்ப்புறம் கட்டியுள்ள எடையின் பாரத்தால் கை தானாகவே நிறுத்தும் நிலைக்குத் திரும்பிவிடும். வண்ண விளக்குகள் வந்த பின்னரும் இக்கொள்கை மாறவில்லை. தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்சாரம் ரிலே ஒன்றைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கம்பி அறுந்தாலும், மின்சாரம் நின்றாலும் ரிலே விழுந்து சிவப்பே எரியும். விளக்கே எரியாமல் இருளாக இருந்தாலும் ஓட்டுநர் அதனை நிறுத்த அடையாளமாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. அறியாமை எப்பொழுதும் சிவப்பு; அறிந்து உறுதி செய்தபின்னரே பச்சை. வண்டியில் உறங்கும் ஆயிரம் பேரின் உயிர் இவ்வொரு கொள்கையின்மேல் தங்கியிருக்கிறது.

நம் நிரலில் நடந்தது இதற்கு நேர்மாறானது. கம்பி அறுந்தது; கைகாட்டியோ "போகலாம்" என்று காட்டியது. பழுதடைந்தால் பச்சை காட்டும் கைகாட்டி, கைகாட்டியே இல்லாமல் இருப்பதைவிட அபாயகரமானது. இல்லாவிடில் மனிதன் எச்சரிக்கையாகவேனும் இருப்பான்.

பெரியோருக்கும் நேர்ந்தது

இது அனுபவமற்ற இளைஞருக்கு மட்டும் நேருவதன்று. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி ஐரோப்பியரின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதற் பயணத்தில் ஏறத்தாழ 40 விநாடிகளில் வழிதவறிச் சிதறியது. 64 பிட் அளவில் இருந்த ஓர் எண்ணை 16 பிட் அளவுக்குச் சுருக்கும் இடத்தில் பிழை நேர்ந்தது. அச்சிறிய அளவில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. வந்ததோ அதனினும் பெரியது. இத்தகைய ஆபத்துடைய மாற்றங்கள் 7 இருக்க, கருவியின் வேலைப்பளுவைக் குறைக்க வேண்டி 4 இடங்களில் மட்டுமே காவல் வைத்திருந்தனர். முந்திய ஏரியான் 4 ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர இடமில்லை என்பதே காரணம். அதே நிரலைப் புதிய ராக்கெட்டில் வைத்தபொழுது, புதிய ராக்கெட்டின் பாதையைக் கொண்டு அதனைச் சோதிக்கவும் இல்லை. காவலைத் தளர்த்தியது ஒன்று, சோதனையை விட்டது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தபொழுதுதான் வீழ்ச்சி. நம் பட்டியலிலும் அவ்விரண்டே சேர்ந்தன.

திருத்திய விதம்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மண்டபத்தில் அமர்ந்து இளைஞர்கள் இருவரும் அமைப்பைத் திருத்தினர். நான் பதிவேட்டைப் படித்துக் காட்டும் பணியில் இருந்தேன். அவர்கள் செய்தவற்றை, நம் வீடுகளில் நிரல் எழுதுவோருக்குப் பயன்படுமென்று முறையாகக் கூறுகிறேன்.

முதலாவதாக, கண்டிப்பு விதியை மீண்டும் ஏற்றினர். 58 பிழைகள் தோன்றின. பெரும்பாலானவை அற்பமானவை; ஐந்து மெய்யான குற்றங்கள். அவற்றுள் ஒன்று நாம் தேடியது. இன்னொன்று, வகுப்பு எழுதப்படாத பிள்ளைக்கு உதவித் தொகை எண்ணாகவே அமையாமல் போகும்படி செய்யக்கூடியது. நிரல் மிகப் பெரிதாயின் ஒரே நாளில் எல்லாக் கண்டிப்பையும் ஏற்ற இயலாது; அப்பொழுது வகை சொல்லாமை பற்றிய விதியை முதலிலும், இல்லாமை பற்றிய விதியைப் பின்னரும் என்று ஒவ்வொன்றாக ஏற்றலாம். தொடக்கத்திலேயே ஏற்றிவிட்டால் இத்தொல்லையே இல்லை. எப்பதிப்பின் இயல்பு எதுவாயினும் அவ்விதியைக் கோப்பில் வெளிப்படையாக எழுதி வைப்பதே நன்று.

திருத்தும்பொழுது குறுக்கு வழிகள் இரண்டு மனத்தைக் கவரும். "எனி" என்னும் சொல்லை இட்டால் அப்பொருளைக் கம்பைலர் பாராமல் விட்டுவிடும். பெயருக்குப் பின் ஓர் ஆச்சரியக்குறி இட்டால், அது நிச்சயமாக இருக்கிறது என்று நாம் சத்தியம் செய்ததாகக் கொள்ளும். கேள்விக்குறிக்கு விடை தேடாமல் ஆச்சரியக்குறி இடுவது, கணக்கில் வராத தொகைக்கு இதர செலவு என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவதாக, டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரின் இயல்பு ஒன்றை அறிந்துகொண்டனர். அது பிழைகளைச் சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்பையும் கையில் கொடுத்துவிடும். "நோ எமிட் ஆன் எரர்" என்னும் விதியை எழுதினால்தான், பிழை உள்ளவரை எதுவும் வெளிவராது. அவ்விதியைச் சேர்த்தனர்.

மூன்றாவது விஷயம் எனக்குப் பெரும் வியப்பளித்தது. கம்பைலரும் டெஸ்ட் ரன்னரும் ஒரே நிரலைப் பார்த்தாலும், ஒரே விதிப் புத்தகத்தைப் படிப்பதில்லை. ஜெஸ்ட் பேபல் என்னும் கருவியின் துணையோடு ஓடும்பொழுது, வகை அறிவிப்புகளைத் துடைத்துவிட்டு மிச்சத்தை ஓட்டுகிறது. வைட்டெஸ்ட் என்னும் மற்றொரு கருவியும் சோதனைகளை ஓட்டும்பொழுது வகை சரியா என்று இயல்பாகப் பார்ப்பதில்லை. ஆகவே கம்பைலர் நூறு குற்றம் சொல்லும் நிரலிலும் சோதனைப் பச்சை எரியலாம். இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் வழங்கலாம் என்று நம் சங்கத்தில் விதி இருப்பதைப்போல, இங்கும் இருவர் ஒப்புதலும் வேண்டும். நிரலில் மாறுதல் செய்யும்பொழுதெல்லாம் முதலில் கம்பைலர் வகைகளைச் சரிபார்க்கவும், அது தேறினால் சோதனைகள் ஓடவும், அவையும் தேறினால் மட்டுமே நிரல் வெளிவரவும் ஏற்பாடு செய்தனர்.

இதனோடு சேர்ந்தது மற்றொன்று. கோப்புகளுக்குச் சுருக்குப் பெயர் வைத்து அழைக்கும் வசதி டைப்ஸ்கிரிப்டில் உண்டு. அச்சுருக்குப் பெயரைக் கம்பைலரின் அமைப்பில் மட்டும் எழுதினால் ஜெஸ்ட் அறியாது; அதன் அமைப்பிலும் தனியே எழுத வேண்டும். சோதனைக் கோப்புகள் இறுதி நிரலில் சேராதிருக்க வேண்டுமென்று அவற்றைக் கம்பைலரின் பார்வையிலிருந்து விலக்கிவிடுவோரும் உளர். அதனால் சோதனைகளின் வகைப் பிழைகளைக் காண்பார் இல்லாமல் போகிறது. இதற்கு அமைப்புக் கோப்பை இரண்டாக்குவது சிறந்த வழி. சோதனைகளையும் சேர்த்து யாவற்றையும் பார்ப்பது ஒன்று. அதன் விதிகளைத் தழுவி, இறுதி நிரலை மட்டும் ஆக்குவது மற்றொன்று.

நான்காவதாக, "சோதனை இல்லாவிடினும் தேர்ச்சி" என்னும் சொல்லை நீக்கினர். ஃபோல்டரின் புதுப் பெயரை அமைப்பில் எழுதி ஓட்டினர். சிவப்பு எரிந்தது. மூன்று மாதமாக ஓடாதிருந்த அச்சோதனை, தகப்பனார் பெயரில்லாத பிள்ளை பட்டியலில் இல்லை என்று தெளிவாகச் சொல்லிற்று. சிவப்பு விளக்கைக் கண்டு நாங்கள் மூவரும் மகிழ்ந்தது அன்றுதான். பிழையான விவரத்தை விட்டுவிட்டுச் செல்லும் கட்டளையை நீக்கி, பெயரைச் சொல்லி நிற்கும்படி மாற்றியபின் பச்சை எரிந்தது. அந்தப் பச்சைக்கு மதிப்பு இருந்தது. அன்று முதல், எத்தனை சோதனைகள் ஓடின என்னும் எண்ணிக்கையையும் வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம்.

ஒன்றை மறக்கலாகாது. எவ்வளவு கண்டிப்பான கம்பைலரும் நாம் அறிவித்ததை நம்பியே பார்க்கிறது. நாம் கேள்விக்குறி இட மறந்தால் அது அறியாது. வெளியிலிருந்து ஏற்றிய விவரம் நம் அறிவிப்புக்கு மாறாக இருந்தாலும் அறியாது. சோதனையும் நாம் கேட்க நினைத்த கேள்வியை மட்டுமே கேட்கும். இரண்டும் தவறினால் பிழையைக் காண்பவர், சுவரில் ஒட்டிய பட்டியலின்முன் நெடுநேரம் நிற்கும் ஒரு தாய்தான். அவருக்கு அந்த நிலை வராமல் காப்பதற்கே இவ்வளவு அமைப்பும்.

வீட்டார் கேட்க வேண்டியது

நம்மில் பலர் பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்தவர்கள். மொழி தெரியாத அலுவலகங்களில், படிவத்தின் ஏதோ ஒரு கட்டம் நிரம்பவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட அனுபவம் நமக்குப் புதிதன்று. ஊர்ப் பெயரும் தகப்பனார் பெயரும் நம் முதலெழுத்துகளும் கட்டங்களில் பொருந்தாமல் நாம் அலைந்தது கொஞ்சமா? நாளை அத்தகைய படிவங்களை ஆக்கப் போகிறவர்கள் நம் பிள்ளைகளே. ஆகவே, அவர்கள் இரவில் திரையின்முன் அமர்ந்திருக்கையில் "என்ன செய்கிறாய்?" என்று மட்டும் கேளாமல், வேறு இரண்டு கேள்விகளையும் கேட்குமாறு பெற்றோரை வேண்டுகிறேன். "எந்தக் கண்டிப்பையேனும் தளர்த்தினாயா?" என்பது ஒன்று. "பச்சை எரிகிறதே, எதைச் சோதித்து எரிகிறது?" என்பது மற்றொன்று. இவற்றைக் கேட்பதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு வேண்டியதில்லை.

அவ்விளைஞரைக் குறை கூறுவது என் கருத்தன்று. தம் உறக்கத்தை விட்டுச் சங்கத்திற்கு உழைத்தவர் அவர். பிழையை மறைக்காமல் செயற்குழுவின்முன் தாமே எடுத்துரைத்தவரும் அவரே. இப்பொழுது அமைப்புக் கோப்பில் தளர்த்திய விதி ஏதேனும் இருப்பின், யார், என்றைக்கு, எதற்காகத் தளர்த்தினார் என்று அதன் அருகிலேயே குறிப்பு எழுத வேண்டும், மற்றவர் பார்த்து ஒப்பாமல் அதனைச் சேர்க்கக் கூடாது என்னும் விதியை முன்மொழிந்தவரும் அவர்தாம்.

மூன்று பிள்ளைகளுக்கும் உரிய தொகை ஜூலை முதல் வாரத்திலேயே வழங்கப்பட்டுவிட்டது. இட்டிலிக் கடை அம்மையாரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். "இயந்திரம் செய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், தம்பி" என்றார் அவர். இயந்திரம் செய்யவில்லை, நாங்கள்தாம் அதனைப் பேச வேண்டாம் என்று தடுத்திருந்தோம் என்று அவருக்கு விடை கூறினேன்.

இவ்வாண்டின் பட்டியல் அச்சிடுமுன் மாணவி நிரலை ஓட்டிக் காட்டினார். சோதனைகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்தன. முதல் வரியில், அவர் தமிழிலேயே பெயரிட்டிருந்த அச்சோதனை நின்றது: "தகப்பனார் பெயர் இல்லாத பிள்ளையும் பட்டியலில் இருக்க வேண்டும்." அதன் எதிரே பச்சை. அதனை நம்பிக் கையெழுத்திட்டேன். ஆயினும் பழைய பதிவேட்டையும் ஒருமுறை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டே இட்டேன்.